உயிரோடிருந்தால் நாற்பது ஷில்லிங்

எங்கப்பா உபதேசியார். நாசரேத்துக்குத் தெற்கே, தேரிமணல் வந்து முட்டுகிற ஒரு சிற்றூர்ச் சபையில் முப்பது வருஷம் மணியடித்தார், ஓய்வுநாள் பள்ளி நடத்தினார், குருவானவர் வர முடியாத ஞாயிறுகளில் பிரசங்கமும் செய்தார். சபைப் பதிவேடுகளும் அவர் கையில்தான். ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் என்று தடித்த அட்டை போட்ட மூன்று பெரிய நோட்டுகள். ஊரில் ஒரே சமயத்தில் நான்கு ஞானமுத்துகள் இருந்தார்கள். கட்டத்துக்குள் பெயரை எழுதினால் நால்வரும் ஒருவராகிவிடுவார்கள் என்பதால் அப்பா ஓரத்தில் பென்சிலால் குறித்து வைப்பார்: கொத்தனார், வடக்குத்தெரு, வைத்தியர், சிலோன். இப்படி எழுதுவது வழக்கமில்லையே என்று குருவானவர் ஒருமுறை கேட்டதற்கு, "பிற்பாடு பாக்கிறவனுக்கு யாருய்யா வந்து சொல்லுவா?" என்றாராம்.

பிற்பாடு பார்க்கிறவளாக நானே ஆனேன். என்ன, பார்த்தது வேறு தேசத்துப் பதிவேடு.

1984-ல் கல்யாணமாகி லண்டன் போனேன். கையில் நூலகப் படிப்பு இருந்தது, வேலைதான் இல்லை. இரண்டு வருஷம் கழித்து, கண் மங்கிப்போன ஒரு பெரியவர் பழைய உயில்களைப் படித்துப் பெயர்த்தெழுத ஆள் தேடுகிறார் என்று யாரோ சொல்லப் போய் நின்றேன். அவர் ஒரு தாளை நீட்டினார். ஏதோ புழு ஊர்ந்த தடம் போலிருந்தது. "இது ஆங்கிலம்" என்றார். நான் நம்பவில்லை. 1600-களில் வக்கீல் குமாஸ்தாக்களும் கோயில் எழுத்தர்களும் எழுதிய கை அது. அதில் 'ஈ' தலைகீழாகத் திரும்பியிருக்கும், 'சி' பார்வைக்கு 'ஆர்' மாதிரி இருக்கும், 'ஹெச்' வரிக்குக் கீழே வால் விடும். பெரிய 'எஃப்' எழுத வேண்டுமானால் சின்ன 'எஃப்' இரண்டைச் சேர்த்துப் போடுவார்கள். ஆறு மாதம் அதோடு மல்லுக்கட்டிய பிறகு ஒரு நாள் சான்சரி லேன் ஆவணக் காப்பகத்தில் மைக்ரோஃபிலிம் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கையில், படிக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் ஒரு உயிலைப் படித்துக்கொண்டிருந்தேன். செத்துப்போனவர் தன் இரண்டாவது நல்ல கட்டிலை யாருக்குக் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார். தொழில் பிடிபட்டது அன்றைக்குத்தான்.

தொழில் இதுதான். அமெரிக்காவில் ஒரு குடும்பம். அவர்களுடைய முதல் ஆள் 1630-களில் கப்பலேறி மாசசூசெட்ஸில் போய் இறங்கியவன். இறங்கிய நாளிலிருந்து அவன் வாங்கிய நிலம், போட்ட வழக்கு, பெற்ற பிள்ளைகள் எல்லாம் அந்தப் பக்கத்தில் எழுத்தில் இருக்கும். இந்தப் பக்கத்தில் எந்த ஊர், யார் மகன் என்பது இருக்காது. 1620-க்கும் 1640-க்கும் இடையில் நியூ இங்கிலாந்துக்குப் போனவர்கள் ஏறக்குறைய 20,000 பேர். ஆளுக்கு 5 பவுண்டு கப்பல் கூலி. போவதற்கு அரசின் அனுமதி வேண்டும், ராஜவிசுவாசப் பிரமாணம் செய்ய வேண்டும், ஊர்க் குருவானவரிடம் சான்று வாங்க வேண்டும். ராஜாவின் திருச்சபையோடு பிணங்கிப் போகிறவனுக்கு இதெல்லாம் எப்படிக் கிடைக்கும்? பலர் கணக்கில் வராமலேயே ஏறினார்கள். கணக்கில் வந்தவர்களின் பட்டியல்களும் பெரும்பாலும் அழிந்துபோயின. லண்டன் துறைமுகத்தின் 1635-ம் வருஷத்துப் பட்டியல் நமக்குக் கிடைத்திருப்பது ஒரு அதிர்ஷ்டம். மற்ற வருஷங்களுக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான்.

சரி, ஊர்ப் பதிவேடு இருக்கிறதே என்பீர்கள். எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் க்ராம்வெல் 1538-ல் ஊருக்கு ஊர் பதிவேடு எழுதச் சொல்லி உத்தரவிட்டார். அந்த வகையில் இங்கிலாந்துக்காரர்கள் புண்ணியவான்கள். ஆனால் முதலில் எழுதியது காகிதத்தில். 1598-ல் அதையெல்லாம் தோல் ஏட்டில் பெயர்த்தெழுதச் சொன்னபோது, ராணி எலிசபெத் பட்டமேறிய 1558-லிருந்தாவது எழுதுங்கள் என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டார்கள். எழுதுகிறவனுக்கு இது போதாதா? பல ஊர்களில் முதல் இருபது வருஷம் அப்படியே காணாமல் போயிற்று. 1640-களில் உள்நாட்டுப் போர் வந்ததும் குருவானவர்களை விரட்டினார்கள், ஏடுகள் பரணுக்குப் போயின. 1942 மே மாதம் ஜெர்மன் விமானங்கள் எக்ஸிடர் நகரத்தில் குண்டு போட்டதில் டெவன் பகுதியின் பழைய உயில்கள் சாம்பலாயின. டெவனிலிருந்து போனவனின் சந்ததி என்று யாராவது கடிதம் எழுதினால் இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது பெருமூச்சுதான்.

இத்தனைக்கும் தப்பிப் பிழைத்த ஏட்டில் பெயர் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் என் வாடிக்கையாளர்களில் முக்கால்வாசி. நிஜத்தில் வேலை தொடங்குவதே அங்கேதான். ஜான், தாமஸ், வில்லியம் என்று ஒரு கை விரல்களுக்குள் அடங்கும் பெயர்களை வைத்துக்கொண்டு ஒரு தேசமே பிழைப்பு நடத்திய காலம் அது. ஒரே பெயரில் ஒரே வட்டாரத்தில் ஐந்து பேர் இருப்பார்கள். அவர்களில் கப்பலேறியவன் எவன் என்று சொல்ல வேண்டுமானால், மற்ற நால்வரும் கப்பலேறவில்லை என்று காட்ட வேண்டும். ஒருவன் சின்ன வயதில் செத்திருப்பான். ஒருவன் 1650-ல் உள்ளூர்க் கோயிலில் காப்பாளனாகக் கையெழுத்துப் போட்டிருப்பான். என் பெரியவர் இதைக் கொலை என்றே சொல்வார். காலையில் வந்ததும், "நேத்து எத்தனை பேரைக் கொன்றாய்?" என்று கேட்பார். நான் என் நோட்டில் அப்பாவைப் போல ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொள்வேன்: ஆலைக்காரத் தாமஸ், தச்சன் தாமஸ், கடன்காரத் தாமஸ். பெரியவருக்குத் தமிழ் எழுத்தைப் பார்த்து ஒரே வியப்பு. உன் எழுத்தைவிட என் புழு தேவலாம் என்றார்.

ஆப்ரகாம் லிங்கனின் கொடிவழியைத்தான் புதிதாக வருகிறவர்களுக்கு நான் பாடமாகச் சொல்வேன். லிங்கனுக்கே தன் தாத்தாவுக்கு மேலே தெரியாது. 1848-ல், அவர் காங்கிரஸ் உறுப்பினராக இருந்தபோது, மாசசூசெட்ஸின் ஹிங்ஹாம் ஊரிலிருந்து அதே குடும்பப் பெயர் கொண்ட ஒருவர் கடிதம் எழுதிக் கேட்டார். தாத்தா வர்ஜீனியாவிலிருந்து கென்டக்கி வந்தவர் என்பதைத் தாண்டி லிங்கனால் அதிகம் சொல்ல முடியவில்லை. அவர் செத்து நாற்பது வருஷத்துக்கும் மேல் கழித்து, 1909-ல்தான் லீ, ஹட்சின்சன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இங்கிலாந்துப் பக்கத்தை எழுதி முடித்தார்கள். கப்பலேறியவன் பெயர் சாமுவேல். 1637-ல் நார்ஃபோக்கிலிருந்து புறப்பட்ட பயணிகளின் பட்டியலில், நாரிச் நகரத்து நெசவாளி ஒருவரின் வேலையாளாக, வயது 18 என்று பதிவாகியிருக்கிறான். குடும்பப் பெயரின் எழுத்துகூட ஒழுங்காக இல்லை. நார்ஃபோக்கிலுள்ள மூல ஹிங்ஹாமின் பதிவேட்டில் அவன் ஞானஸ்நானம் 1622 ஆகஸ்ட் 24. அப்படியென்றால் வயது ஏறக்குறைய 15 தான் ஆகிறது. ஒன்று, ஆள் வேறு. இல்லை, பையன் வயதைக் கூட்டிச் சொல்லியிருக்கிறான். அதிகாரி முன் நின்று வயதைக் கூட்டிச் சொல்லும் பையனை நாம் எல்லோரும் எங்கேயாவது பார்த்திருக்கிறோம். ஆனால் நாம் பார்த்திருப்பது ஆதாரமாகாதே. அவன் குடும்பத்தைச் சுற்றிச் சுற்றித் தேடியதில்தான் கதை வெளியே வந்தது. சாமுவேலின் தாத்தா ரிச்சர்டுக்கு நான்கு மனைவியர். சொத்தையெல்லாம் நான்காம் தாரத்துப் பிள்ளைகளுக்கு எழுதிவிட்டு, மூத்த தாரத்து மகன் எட்வர்டை, அதாவது சாமுவேலின் அப்பனை, கைகழுவிவிட்டார். நிலபுலன் உள்ள வீட்டுப் பேரன் நெசவாளியிடம் வேலைக்குப் போனது அதனால்.

அமெரிக்க ஹிங்ஹாமுக்குப் போனால் அங்கே இன்னொரு தலைவலி. ஆரம்ப காலக் குடியேறிகளில் தாமஸ் லிங்கன் மட்டும் நான்கு பேர். ஊர்க்காரர்களே தாங்க முடியாமல் ஆலைக்காரத் தாமஸ், பீப்பாய்க்காரத் தாமஸ், சம்சாரித் தாமஸ், நெசவாளித் தாமஸ் என்று ஏட்டில் பிரித்து எழுதினார்கள். நெசவாளித் தாமஸ்தான் சாமுவேலின் அண்ணன். இதை முதல்முறை படித்தபோது ஞானமுத்துகளை நினைத்துக்கொண்டு நான் தனியாகச் சிரித்ததில் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். சாமுவேலின் மகனுக்கும் பேரனுக்கும் மொர்தெகாய் என்று பெயர். எங்கள் ஊர்ச் சபையில் ஞானஸ்நானம் கொடுக்கக் கொண்டுவந்திருந்தாலும் அப்பா புருவத்தை உயர்த்தியிருக்க மாட்டார்.

இப்போது என் வழக்கு. ஊர் பெயரும் குடும்பப் பெயரும் சொல்லப் போவதில்லை. ஆளைத் தாமஸ் என்றே வைத்துக்கொள்வோம்.

வாடிக்கையாளர் ஒஹையோ மாநிலத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தாத்தா காலத்தில் காசு கொடுத்து அச்சிட்ட ஒரு குடும்பப் புத்தகம் இருந்தது. தங்க எழுத்து, உள்ளே வண்ணத்தில் ஒரு குலச்சின்னம், பிரபு வீட்டுப் பிள்ளை வழி என்று ஒரு வம்சாவளி. அந்தக் காலத்தில் இதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். ஸ்வீடனில் பிறந்து நியூயார்க் பக்கம் குடியேறிய குஸ்தாவ் ஆஞ்ஜூ என்பவர் பணக்கார அமெரிக்கக் குடும்பங்களுக்குப் பொய் வம்சாவளி தயாரித்துக் கொடுத்தே வாழ்ந்தார். இருக்கும் ஆவணத்தோடு இல்லாத ஆவணத்தைக் கலந்து மேற்கோள் காட்டுவது அவர் பாணி. 1942-ல் செத்துப்போனார், அவருடைய பொய்கள் இன்னும் சாகவில்லை. வாத்தியாரின் புத்தகத்தை எழுதியவர் அத்தனை கெட்டிக்காரர் இல்லை. குலச்சின்னம் என்பது ஒரு ஆளுக்கும் அவன் வாரிசுகளுக்கும் கொடுக்கப்படுவது, ஒரு பெயருக்கு அல்ல என்பதுகூட அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

வாத்தியாரின் அத்தை பிற்காலத்தில் அந்தப் பிரபுவைக் கைவிட்டுவிட்டு, அடக்கமாக ஒரு சஃபோக் கிராமத்தைப் பிடித்திருந்தார். அங்கே தாமஸுக்கு 1609 நவம்பரில் ஞானஸ்நானம், அப்பன் பெயர் ஜான். மாசசூசெட்ஸ் தாமஸ் 1659-ல் ஒரு வழக்கில் சாட்சி சொல்லும்போது தன் வயது ஐம்பது அல்லது அதை ஒட்டி என்று சொல்லியிருக்கிறான். கணக்கு வாத்தியார் கழித்துப் பார்த்தார், சரியாக வந்தது. மூன்று தலைமுறை அந்தக் கிராமத்தையே பூர்வீகம் என்று நம்பியது. கோயில் கூரையைச் செப்பனிடப் பணம் அனுப்பினார்கள். வாத்தியார் என்னிடம் கேட்டது ஜானின் அப்பன் யார் என்று மட்டும்தான்.

மார்மன் சபையார் உலகமெங்கும் போய்ப் படமெடுத்துத் தயாரித்த பெரிய பெயர்ப் பட்டியல்தான் அன்று எங்கள் எல்லோருக்கும் கைவிளக்கு. அதில் ஞானஸ்நானமும் விவாகமும்தான் முக்கியம். அடக்கங்களுக்கு இடமில்லை என்றே சொல்லலாம். அதை மட்டும் பார்க்கிறவன் கண்ணுக்கு அந்தக் காலத்தில் பிறந்த எந்தக் குழந்தையும் சாவதில்லை. ஆகவே நான் எந்த வழக்கிலும் முதலில் அடக்க ஏட்டைத்தான் கேட்பேன். இதிலும் கேட்டேன். பரி செயின்ட் எட்மண்ட்ஸ் காப்பகத்தில் ஏட்டை நுரைமெத்தையின் மேல் வைத்து, பக்கம் மூடாமலிருக்கப் பாம்பு மாதிரி ஒரு மணிச்சரத்தைப் போட்டுக் கொடுத்தார்கள். 1609-ம் வருஷத்து அடக்கங்களின் கடைசியில் இருந்தது: பிப்ரவரி மாதம், தாமஸ், ஜானின் மகன், கைக்குழந்தை.

அத்தையும் இதைப் பார்த்திருக்கிறார். அவருடைய குறிப்புகளில், 1609 பிப்ரவரியில் இன்னொரு தாமஸ் இறந்திருக்கிறான், அவனுக்குப் பிறகு நவம்பரில் பிறந்தவனுக்கு அதே பெயரை வைத்திருக்கிறார்கள் என்று அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார். நியாயமான யோசனைதான். செத்த குழந்தையின் பெயரை அடுத்த குழந்தைக்கு வைப்பது அன்று சர்வசாதாரணம். ஆனால் 1752 வரைக்கும் இங்கிலாந்தில் வருஷம் பிறந்தது ஜனவரி முதல் தேதியில் இல்லை, மார்ச் 25-ல். கன்னி மரியாளுக்குத் தேவதூதன் செய்தி சொன்ன திருநாள் அது. 1609 டிசம்பர் முடிந்தால் அடுத்து வருவது 1609 ஜனவரி. அதற்கடுத்து 1609 பிப்ரவரி. நம் கணக்கில் அது 1610. நவம்பரில் தண்ணீர் தெளித்த குழந்தைதான் மூன்று மாதத்தில் அடக்கமாகியிருக்கிறது.

இதை எப்படிச் சொல்வது? அப்போது மின்னஞ்சல் பரவவில்லை. கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். நாலாவதில் சுற்றிவளைக்காமல் இரண்டே வரியில் எழுதி, ஏட்டின் நகலை வைத்து அனுப்பினேன். பதில் வர இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குள் அவர் வேறு ஆளைப் பிடித்திருப்பார் என்று நினைத்தேன். முன்பு அப்படி நடந்திருக்கிறது. மேஃப்ளவர் கப்பலில் 1620-ல் வந்த 102 பேரில் உங்கள் ஆள் இல்லை என்று சொன்னதற்காக ஒரு அம்மாள் எனக்குக் கட்டணமே தராமல் விட்டார். வாத்தியார் அப்படியில்லை. "மாணவன் தப்புக் கண்டுபிடித்தால் நான் மதிப்பெண் போடுகிறவன். மேலே தேடுங்கள்" என்று எழுதியிருந்தார்.

மேலே தேட, ஆளை விட்டுவிட வேண்டும். இது பெரியவர் சொல்லிக் கொடுத்தது. காட்டுக்குள் ஒருத்தனாகப் போய்க் குடியேறுகிறவன் யாருமில்லை. கூட வந்தவர்கள் ஒரே ஊர்க்காரர்களாகவோ ஒரே பிரசங்கியின் பின்னால் போனவர்களாகவோ இருப்பார்கள். நார்ஃபோக் ஹிங்ஹாமின் குருவானவர் ராபர்ட் பெக் போனபோது சபையில் ஒரு பங்கே அவரோடு கிளம்பிற்று. ஆகவே மாசசூசெட்ஸில் தாமஸின் நிலத்துக்கு நான்கெல்லையிலும் யார் இருந்தார்கள், பத்திரத்துக்கு யார் சாட்சி போட்டார்கள், மகளை எந்த வீட்டில் கொடுத்தான் என்று எழுதினேன். கிடைத்த பதினோரு பெயரில் மூன்று பேரின் பூர்வீகம் ஏற்கெனவே மற்றவர்களால் நிரூபிக்கப்பட்டிருந்தது. மூன்றும் ஸ்டூர் ஆற்றோரம், சஃபோக்கும் எஸ்ஸெக்ஸும் தொட்டுக்கொள்ளும் இடத்தில், ஒன்றுக்கொன்று நடை தூரத்திலுள்ள கம்பளி நெசவு ஊர்கள். அத்தை பிடித்த கிராமம் அங்கிருந்து வெகு தூரம்.

ஸ்டூர் கரையில் ஐந்து தாமஸ்கள் கிடைத்தார்கள். இரண்டு வருஷத்தில் நால்வரைக் கொன்றேன். ஐந்தாமவனுக்கு 1611-ல் ஞானஸ்நானம். பிறகு கல்யாணமுமில்லை, அடக்கமுமில்லை, வரிக் கணக்கிலும் இல்லை. ஒஹையோவிலிருந்து, அவன்தானே என்று கடிதம் வந்தது. காணாமல் போனவன் எல்லாம் அமெரிக்கா போனவன் ஆவானா? லண்டனுக்குப் போய்ப் பிளேக்கில் செத்திருக்கலாம். ஐம்பது வயது என்று அவன் சாட்சி சொன்னதும் 1611-க்குக் கொஞ்சம் இடித்தது. அன்றைய மனிதர்கள் தம் வயதைப் பத்துப் பத்தாகத்தான் அறிந்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும், ஆனால் எனக்குப் பிடித்த இடத்தில் மட்டும் அதை நினைவுபடுத்திக்கொள்வது யோக்கியமில்லை.

மிச்சமிருந்தது உயில்கள். இங்கே ஒரு தொழில் ரகசியம் சொல்கிறேன். ஆண்களின் உயிலில் அதிகம் கிடைக்காது. நிலம் மூத்தவனுக்கு, பணம் இளையவர்களுக்கு, கட்டில் மனைவிக்கு, முடிந்தது. கப்பலேறிய மகனுக்குப் பங்கை முன்கூட்டியே கொடுத்து அனுப்பியிருந்தால் அவன் பெயரே வராது. பிள்ளையில்லாத விதவைகளின் உயில்தான் தங்கச் சுரங்கம். புருஷன் இருக்கிறவரை அவன் சம்மதமில்லாமல் பெண் உயில் எழுத முடியாது. விதவையானபின் அவளைக் கேட்க ஆளில்லை. அண்ணன் மகளுக்கு ஒரு பித்தளைச் சட்டி, தம்பி மகனுக்கு ஒரு போர்வை, பக்கத்து வீட்டுக்காரிக்குப் பழைய பாவாடை என்று உறவு முழுவதையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வைத்துக் கொடுப்பாள். தொல்லை என்னவென்றால் அவள் பெயர் புருஷன் பெயராக இருக்கும். நாம் தேடும் குடும்பப் பெயர் எந்த அட்டவணையிலும் தட்டாது. வரிசையாக உட்கார்ந்து படிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த ஜான் ஹார்வர்ட் யார் மகன் என்று இருநூற்றைம்பது வருஷம் ஒருவருக்கும் தெரியாமலிருந்தது. பாஸ்டனிலுள்ள வம்சாவளிச் சங்கம் 1883-ல் ஹென்றி வாட்டர்ஸ் என்பவரை லண்டனுக்கு அனுப்பிற்று. அவர் உயில் உயிலாகப் படித்துக்கொண்டே போய், யார்வுட் என்ற ஒரு விதவையின் உயிலில் மகன் ஜான் ஹார்வர்டைக் கண்டார். சவுத்வர்க்கில் கசாப்புக் கடைக்காரரின் மனைவியாக இருந்த காதரின், 1625 பிளேக்கில் புருஷனையும் பிள்ளைகள் பலரையும் பறிகொடுத்து, பின்னும் இரண்டு முறை மணந்து, அத்தனை பேரையும் அடக்கம் பண்ணிவிட்டுப் போனவள். ஜானின் ஞானஸ்நானப் பதிவில் குடும்பப் பெயர் ஹார்வி என்று இருக்கிறது. பெயரைத் தேடிப் போயிருந்தால் வாட்டர்ஸ் வெறுங்கையோடு கப்பலேறியிருப்பார்.

நானும் படித்தேன். இரண்டு குளிர்காலம், எழுநூறுக்கும் மேற்பட்ட உயில்கள். ஆங்கிலேயரின் உறவுமுறைச் சொற்கள் மேல் எனக்கு நிரந்தரக் கோபம் வந்தது அப்போதுதான். 'கசின்' என்றால் அண்ணன் மகனாக இருக்கும், அக்கா மகளாக இருக்கும், பேரனாகக்கூட இருக்கும். 'பிரதர்' என்றால் உடன்பிறந்தவன், மைத்துனன், சகலை, சபையில் கூட உட்காருகிறவன், யாராகவும் இருக்கலாம். மருமகனைக் குறிக்கும் சொல்லையே மனைவியின் முதல் கல்யாணத்துப் பிள்ளைக்கும் போடுவார்கள். ஒரே ஊரில் பெரியவன், சின்னவன் என்று இருவரைக் குறித்திருந்தால் அப்பனும் மகனும் என்று அர்த்தமில்லை, சம்பந்தமே இல்லாத இருவரில் வயதானவன் யார் என்று மட்டும் அர்த்தம். எங்கள் ஊர்ப் பாட்டி ஒருத்தியை உட்கார்த்தி வைத்து எழுதச் சொல்லியிருந்தால் என் வேலையில் பாதி இருந்திருக்காது. கொழுந்தன், ஓர்ப்படியாள், சித்தப்பன் என்று ஒவ்வொருத்தரையும் அவரவர் இடத்தில் வைத்திருப்பாள்.

1647-ல் எழுதிய ஒரு விதவையின் உயில். ஒன்றரைப் பக்கம். பாதிக்குமேல் தட்டுமுட்டுச் சாமான்கள். கடைசியிலிருந்து நாலாவது வரியில், நியூ இங்கிலாந்திலிருக்கும் என் கசின் தாமஸ் உயிரோடிருந்தால் அவனுக்கு 40 ஷில்லிங். கசினுக்கு அடுத்தபடி குடும்பப் பெயரும் இருந்தது. ஒரு கூலியாளுக்கு அது ஒன்றரை, இரண்டு மாதச் சம்பளம். அவள் பிறந்த வீட்டைத் தேடினேன். ஐந்தாம் தாமஸின் அப்பனுக்கு அவள் கூடப்பிறந்தவள். அத்தை.

அன்று நான் ரயிலில் வரும்போது யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. பெரியவர் அதற்கு முந்திய வருஷமே போய்விட்டார். அப்பாவுக்கு ஃபோன் போட்டேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "துட்டு போய்ச் சேந்துதா?" என்றார்.

போய்ச் சேர்ந்ததா என்று தேடத்தான் வேண்டியிருந்தது. நியூ இங்கிலாந்திலும் இந்தப் பெயரில் ஒருவனுக்கு மேல் இருந்திருக்கலாமே. 1640-களில் பாஸ்டனிலிருந்த வில்லியம் ஆஸ்பின்வால், அவருக்கு முன் தாமஸ் லெச்ஃபோர்ட் போன்றவர்கள் எழுதி வைத்த நோட்டரிக் குறிப்பேடுகள் அச்சில் இருக்கின்றன. கடலுக்கு அந்தப் பக்கம் சொந்தக்காரர் வைத்துப்போன பணத்தை வாங்கிவர, கப்பல்காரனுக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுப்பார்கள். அந்த வகைப் பத்திரம் ஒன்றில் என் தாமஸ் இருந்தான். அவனுடைய மாசசூசெட்ஸ் ஊர், அத்தையின் பெயர், 40 ஷில்லிங், மூன்றும் ஒரே வாக்கியத்தில். எழுதத் தெரியாதவன். கையெழுத்துக்குப் பதில் குறி போட்டிருந்தான் என்று அச்சில் கண்டிருந்தது.

இடையில் ஒரு கதை. விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது அம்மா, "வெள்ளைக்காரன் பாட்டன் பூட்டனைத் தேடுறதுல நமக்கு என்னட்டி கெடக்கு?" என்று கேட்டாள். அவளைச் சென்னைக் கோட்டைக்குள்ளிருக்கும் புனித மேரி ஆலயத்துக்குக் கூட்டிப் போனேன். 1680-ல் பிரதிஷ்டையான அந்த ஆலயத்தின் பதிவேட்டில் முதல் விவாகம் எலிஹு யேலுடையது. யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தவர், கோட்டையின் கவர்னராக இருந்தவர். 1637-ல் நியூ இங்கிலாந்து போன குடும்பம்; அவர் பிறந்தது 1649-ல் பாஸ்டனில். மூன்று வயதில் பெற்றோரோடு இங்கிலாந்து திரும்பியவர் பிறகு அமெரிக்க மண்ணை மிதிக்கவேயில்லை. போனவர்கள் எல்லாம் அங்கேயே தங்கிவிடவில்லை, 1640-களிலும் பிறகும் கணிசமானவர்கள் திரும்பினார்கள் என்பதற்கு நான் காட்டும் சாட்சி அவர்தான். அம்மா ஆலயத்தின் தடித்த சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, உள்ளே நல்ல குளிர்ச்சியாக இருக்கிறது என்றாள்.

வாத்தியார் மனைவியோடு ஒரு ஜூன் மாதம் வந்தார். எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஸ்டூர் கரையிலுள்ள ஊரைக் காட்டத் திட்டம் போட்டு வைத்திருந்தேன். கார் கிளம்பியதும், முதலில் அந்தப் பழைய கிராமத்துக்குப் போகலாமா என்று கேட்டார். எந்தக் கிராமம் என்று நான் கேட்கவில்லை.

கோயில் திறந்திருந்தது. ஆளில்லை. சக்கிமுக்கிக் கற்களால் கட்டிய வட்டக் கோபுரம், உள்ளே ஈரவாடை. அவர் அத்தையும் அப்பாவும் பணம் அனுப்பிச் செப்பனிட்ட கூரையை அண்ணாந்து பார்த்தார். குழந்தையை எங்கே அடக்கம் செய்திருப்பார்கள் என்று கேட்டார். ஏழை வீட்டுக் குழந்தைக்குக் கல் வைக்க மாட்டார்கள், ஒரே குழியில் தலைமுறை தலைமுறையாகப் புதைப்பார்கள் என்று சொன்னேன். வெளியே வந்து புல்லில் கொஞ்ச நேரம் நின்றார். நான் அவர் மனைவியிடம் வானிலை பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது வாசலில் நின்றுவிட்டார். "அந்த 40 ஷில்லிங், இப்போதைய கணக்கில் எவ்வளவு?"

விலைவாசியைப் பார்த்தால் பல நூறு பவுண்டு வரும், வெறும் நாணயக் கணக்கென்றால் இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு என்றேன்.

பையில் கைவிட்டு, சில்லறையைக் கண்ணுக்கருகே வைத்துப் பார்த்து, இரண்டு ஒற்றைப் பவுண்டு நாணயங்களை எடுத்துக் காணிக்கைப் பெட்டியில் போட்டார். பிறகு காரில் ஏறி, இனி உங்கள் ஊருக்குப் போகலாம் என்றார்.